பந்தயமும் பாத்தியதையும்

விளையாட்டுச் சமாசாரங்களுக்குப் பத்திரிகையில் வேறு பக்கம் உண்டு. பொது விவகாரங்களை ஆராய ஏற்பட்ட இந்தப் பக்கத்தில், கடல் கடந்த தேசம் ஒன்றின் பந்தாட்டத்தைப் பற்றி நாம் எழுதப் புகுந்தது ஏனென்று நமது நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் நாம் இன்று எழுதப்போவது ஆடுகிறவர்களைப் பற்றியதன்று. ஆட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டு கட்சியாகப் பிரிந்து, தங்கள் மனத்தையே பறிகொடுக்கும் ஜனங்களைப் பற்றியது. கட்சி கட்டி வேலை செய்யும் எவருக்கும் அந்த ஜனங்களின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பேஸ்பால் என்பது வெறும் பொழுதுபோக்கு மாத்திரமல்ல. அது ஓர் அபிமானம். 1951-ம் வருஷத்தில் நாஷனல் லீக் என்னும் சங்கத்தில் எட்டுக் கோஷ்டிகள் இருந்தன. ஏப்ரல் மாதத்தில் தொடங்கி ஸெப்டம்பர் முடிய ஒவ்வொரு கோஷ்டியும் 154 ஆட்டங்கள் ஆடவேண்டும். அதிக ஆட்டங்களில் வென்ற கோஷ்டிக்கு வெற்றிச் சின்னமாகக் கிடைப்பது ஒரு கொடி. அந்தக் கொடிக்காகவே வருஷம் முழுவதும் போட்டி. முதல் மூன்று மாதங்களில் தோற்றால் அடுத்த மூன்று மாதங்களில் ஈடு செய்துகொள்ளலாம் என்ற தைரியம் இருக்கும். ஸெப்டம்பர் பிறந்துவிட்டாலோ, ஒவ்வொரு தோல்வியும் திரும்பப் பெறமுடியாத நஷ்டமாகிவிடும். அந்த மாதத்தில் அபிமானிகள் காலையில் எழுந்ததும் முதலில் தேடுவது பத்திரிகையின் புள்ளி ஜாபிதாவையே. தன் கோஷ்டி வென்றதா என்று பார்ப்பதோடு, எதிர்க்கோஷ்டி தோற்றதா என்று பார்ப்பதிலும் அவர்களுக்கு அதே ஆவல்.

நியூயார்க் நகரில் அப்பொழுது இந்த லீக்கைச் சேர்ந்த கோஷ்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று ஜையண்ட்ஸ்; மன்ஹாட்டன் தீவின் வடபாகத்தில், ஹார்லெமை அடுத்திருந்த போலோ கிரவுண்ட்ஸ் மைதானம் அதன் வாசஸ்தலம். மற்றொன்று டாட்ஜர்ஸ், ஆற்றுக்கு அப்பாலுள்ள புரூக்ளினில் எபெட்ஸ் பீல்ட் என்னும் சிறிய மைதானம் அதற்கு உரியது. புரூக்ளின் 1898 வரையில் தனி நகரமாக இருந்தது. அவ்வருஷத்தில்தான் நியூயார்க்குடன் சேர்க்கப்பட்டது. 1950-ல் அதன் ஜனத்தொகை சுமார் 27 லட்சம். தனி மேயரை இழந்த அந்த ஜனங்களுக்கு, தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கி நின்ற பிரதான சின்னங்களில் ஒன்றாக டாட்ஜர்ஸ் கோஷ்டி விளங்கிற்று. தங்கள் கோஷ்டியை அவர்களே 'உதவாக்கரைகள்' என்று செல்லமாக வைவார்கள்; பிறர் வைதால் பொறுக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் வருஷந்தோறும் சொல்லி வந்த ஆறுதல் வசனம்.

இரண்டு கோஷ்டிகளும் வருஷத்தில் 22 தடவை நேருக்கு நேர் மோதின. ஒரே பாதாள ரயிலில் போய், ஒரே ஆபீஸில் வேலை செய்து, ஒரே ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தனர். இந்த விரோதம் பெரும்பாலும் வாய்ச்சண்டையுடன் நின்றது. ஆனால் 1938-ல் புரூக்ளின் மதுக்கடை ஒன்றில் டாட்ஜர்ஸைப் பரிகசித்ததன்பேரில் வாக்குவாதம் முற்றி, துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்ததையும் நாம் மறைப்பதற்கில்லை. டாட்ஜர்ஸை நடத்திவந்த லியோ டுரோச்சர், 1948 ஜூலையில், அந்த வருஷத்துப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஜையண்ட்ஸின் தலைமைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு கட்சியின் தளகர்த்தர் மறுநாளே எதிர்க்கட்சி மேடையில் நின்றால் தொண்டர்களின் மனம் எப்படியிருக்கும் என்பதை நமது நேயர்களுக்கு நாம் விவரிக்கவேண்டுவதில்லை.

இந்தக் கட்சி அபிமானத்துக்குள் உயர்ந்த விஷயம் ஒன்றும் இருந்தது. அமெரிக்கப் பெரிய லீக்குகள் பல பத்து வருஷங்களாகக் கறுப்பர்களை உள்ளே விடாமல் கதவடைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன் என்ற கறுப்பர் டாட்ஜர்ஸ் கோஷ்டியில் ஆட இறங்கியதும் அந்தக் கதவு உடைந்தது. தேசத்தின் பல பாகங்களிலும் புரூக்ளினைக் கண்ணால் பாராத கறுப்பு ஜனங்கள் அன்றுமுதல் டாட்ஜர்ஸின் அபிமானிகளாயினர். இரண்டு வருஷத்துக்குள் ஜையண்ட்ஸும் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டது. 1951-ல் ஒரு பக்கம் ராபின்ஸன், கம்பனெல்லா, நியூகம். மறுபக்கம் மாண்டி இர்வின், இருபது வயதான வில்லி மேஸ். நிறவேற்றுமை தேசமெங்கும் தலைவிரித்தாடிய காலத்தில், வெள்ளையரும் கறுப்பரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே பெயரைக் கூவிய இடங்கள் இந்த மைதானங்கள். கட்சி அபிமானம் ஜனங்களைப் பிரிப்பதோடு சேர்க்கவும் செய்யும் என்பதற்கு இது தக்க சான்று.

1951-ம் வருஷத்துப் பந்தயத்துக்கு வருவோம். ஆகஸ்டு 11-ந் தேதி டாட்ஜர்ஸ் முன்னணியில் நின்றது. ஜையண்ட்ஸ் அன்று ஒரு வேளையில் பதின்மூன்றரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. கொடி புரூக்ளினுக்கே என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டனர். மறுநாளிலிருந்து ஜையண்ட்ஸ் தொடர்ந்து பதினாறு ஆட்டங்களில் வென்றது. மிஞ்சியிருந்த 44 ஆட்டங்களில் 37-ல் ஜயித்தது. டாட்ஜர்ஸ் வீழ்ந்துவிட்டதென்று பலர் எழுதினார்கள், அது சரியன்று. அதே காலத்தில் டாட்ஜர்ஸ் 26 வென்று 22 தோற்றது. வென்றும் முன்னணியை இழப்பது போன்ற வேதனை வேறில்லை. பின்னாலிருந்து ஓடிவருகிறவனுடைய காலடிச் சப்தத்தை ஏழு வாரம் கேட்டுக்கொண்டிருந்த அபிமானியின் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

கடைசி நாளான ஸெப்டம்பர் 30-ல் இரு கோஷ்டிகளும் சமமாக நின்றன. ஜையண்ட்ஸ் பாஸ்டனில் 3-க்கு 2 என்று வென்றுவிட்டது. பிலடெல்பியாவில் ஆடிய டாட்ஜர்ஸ் தோற்றால் எல்லாம் முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடியவேண்டிய அந்த ஆட்டம் பதினாலு வரை நீண்டது. பன்னிரண்டாவதில் தோல்வியைத் தரவிருந்த பந்தை ராபின்ஸன் தரையில் விழுந்து பிடித்தார். பதினாலாவதில் அவரே ஹோம்ரன் அடித்து 9-க்கு 8 என்று வெற்றி தந்தார். ஹோம்ரன் என்பது பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது. அடித்தவரும், முன்னரே களத்தில் நிற்கும் தம் தோழர்களும் தடையின்றிச் சுற்றி வந்து புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். இப்படியாக 154 ஆட்டங்களுக்குப் பின்னும் இரு கோஷ்டிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாகவே இருந்தன.

ஆகவே மூன்று விசேஷ ஆட்டங்கள் ஏற்பாடாயின. அக்டோபர் 1-ந் தேதி புரூக்ளினில் ஜையண்ட்ஸ் 3-க்கு 1 என்று வென்றது. மறுநாள் போலோ கிரவுண்ட்ஸில் டாட்ஜர்ஸ் எதிரிக்கு ஒரு புள்ளியும் விடாமல் பத்துப் புள்ளிகளில் ஜயித்தது. அக்டோபர் 3-ந் தேதி மூன்றாவது ஆட்டத்துக்கு மைதானத்தில் வந்திருந்தவர்கள் 34,320 பேர்; ஆயிரக்கணக்கான ஆசனங்கள் காலியாகக் கிடந்தன. ஆனால் நகரின் கடைகளிலும், க்ஷவர சாலைகளிலும், பள்ளிக்கூடங்களிலும் ரேடியோப் பெட்டியைச் சூழ்ந்திருந்தவர்களுக்குக் கணக்கேது? கொரியா யுத்தகளத்தில் இருந்த சிப்பாய்களுக்கும் ஆட்ட வர்ணனை ரேடியோவில் அஞ்சல் செய்யப்பட்டது.

கடைசி இன்னிங்ஸ் தொடங்கும்போது டாட்ஜர்ஸ் 4, ஜையண்ட்ஸ் 1. பிறகு ஜையண்ட்ஸுக்கு ஒரு புள்ளி சேர்ந்தது; களத்தில் இருவர் நின்றனர். களைத்துப்போன நியூகமை அழைத்துக்கொண்டு ரால்ப் பிராங்கா என்பவரைப் பந்தெறிய அனுப்பினார்கள். அவர் எறிந்த இரண்டாவது பந்தைப் பாபி தாம்ஸன் இடது பக்க வேலிக்கு அப்பால் அடித்தார். 5-க்கு 4. ஒரு நொடிக்கு முன் கொடியைக் கையில் பிடித்திருந்த புரூக்ளின், மறு நொடியில் வெறுங்கையுடன் நின்றது. ஆற்றின் ஒரு கரையில் கொண்டாட்டம். மறுகரையில் இழவு வீட்டின் மௌனம். அந்தக் கொடியைப் பெற்ற ஜையண்ட்ஸ், அடுத்து நடந்த உலகப் பந்தயத்தில் அதே நகரத்து யாங்கீஸிடம் தோற்றது. ஆனால் அதை இன்று நினைவுகூர்வார் குறைவு.

தாம்ஸனும் பிராங்காவும் பிற்காலத்தில் நண்பர்களாகிப் பொதுக் கூட்டங்களில் சேர்ந்து தோன்றலாயினர். அடித்தவரும் அடிபட்டவரும் சமாதானமான பின்பும், பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தனர். இது எல்லாக் கட்சிகளுக்கும் உள்ள இயல்பு.

ஐம்பது வருஷம் கழித்து, 2001-ல், மற்றொரு விஷயம் பத்திரிகையில் வெளியாயிற்று. ஜையண்ட்ஸார் 1951 ஜூலை முதல் தங்கள் மைதானத்துக் கட்டடம் ஒன்றில் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்து, எதிரிகள் தமக்குள் காட்டிக்கொள்ளும் சைகைகளைப் பார்த்து, மின்சார மணி மூலம் தம்மவருக்குத் தெரிவித்து வந்தார்கள் என்று அக்கோஷ்டியில் ஆடியவர்களே ஒப்புக்கொண்டனர். அந்தக் கடைசிப் பந்துக்குத் தமக்குச் சைகை வந்ததென்பதைத் தாம்ஸன் ஒப்பவில்லை. வெளியூர் மைதானங்களிலும் ஜையண்ட்ஸ் வென்றதாகையால், வெற்றி முழுவதும் கண்ணாடியால் வந்ததென்று சொல்வதும் நியாயமாகாது. எனினும், தொண்டை வறளக் கூவிய அபிமானிக்கு, தான் எதற்காகக் கூவினான் என்பது அரை நூற்றாண்டு வரையில் சொல்லப்படவில்லை. இது கவனிக்கத்தக்கது.

இதைவிடப் பெரிய செய்தி 1957-ல் வந்தது. அவ்வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஜையண்ட்ஸ் கம்பெனியின் டைரக்டர்கள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கோஷ்டியை ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு எடுத்துச் செல்வதென்று தீர்மானித்தார்கள். அக்டோபர் 8-ந் தேதி, டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகிறதென்ற அறிக்கை வெளியாயிற்று. தேசத்தின் கீழ்க்கரையிலிருந்த இரண்டு கோஷ்டிகளும் ஒரே காலத்தில் மேற்குக் கரைக்குப் போய்விட்டன. ஒரு நகரத்தில் இருபுறமும் நின்று பரஸ்பரம் பழித்துக்கொண்டிருந்த லட்சோபலட்சம் ஜனங்கள், திரும்பிப் பார்த்தபோது நடுவில் ஒன்றுமில்லை!

முதலாளிகளின் கட்சியையும் சொல்லவேண்டும். எபெட்ஸ் பீல்ட் 1913-ல் திறக்கப்பட்ட மைதானம். சுமார் 32,000 பேருக்குத்தான் இடம். மோட்டார் வண்டிகள் நிறுத்த வசதியில்லை. டாட்ஜர்ஸின் தலைவரான வால்டர் ஓமாலி புரூக்ளினிலேயே ரயில் நிலையத்தருகில் புதிய மைதானம் கட்ட நிலம் சேகரித்துத் தரும்படி நகர நிர்வாகத்தைக் கேட்டார். நகர நிர்மாணத்தில் பெருஞ் செல்வாக்குள்ள அதிகாரியாயிருந்த ராபர்ட் மோஸஸ் அதற்கு இணங்காமல், குவீன்ஸ் பகுதியில் வேறு இடத்தைக் காட்டினார். பழி யாருடையது என்று இன்றும் வழக்காடுகிறார்கள். ஜையண்ட்ஸுக்கு வரும் கூட்டம் வெகுவாகக் குறைந்திருந்ததும் உண்மை. ஆனால் டாட்ஜர்ஸ் நஷ்டத்தில் நடந்த ஸ்தாபனமல்ல. 1957-லும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கட்டணம் கொடுத்து வந்தார்கள்.

நமக்கு முக்கியமானது வேறு கேள்வி. முதலாளி பேசினார், அதிகாரி பேசினார், மேற்குக் கரை நகரங்களின் பிரதிநிதிகள் பேசினார்கள். அபிமானியை யார் கேட்டார்கள்? புரூக்ளின் ஜனங்கள் மகஜர்களில் கையெழுத்திட்டார்கள். சட்டையில் சின்னங்கள் குத்திக்கொண்டார்கள். ஆனால் மகஜர் என்பது பாத்தியதை இல்லாதவனுடைய ஆயுதம். பேஸ்பாலை மாகாணங்களுக்கிடையேயான வியாபாரமாகக் கருதமுடியாது என்று 1922-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து அதை விலக்கி வைத்துவிட்டது. மைதானத்தின் வாயிலில் அது வியாபாரம். நியாயஸ்தலத்தின் வாயிலில் அது விளையாட்டு! ஆடுகிறவர்களுக்கும் அக்காலத்தில் அதிக சுதந்திரமில்லை. முதலாளி விரும்பினால் ஒருவரை மற்றொரு கோஷ்டிக்கு மாற்றிவிடலாம். 1956 டிஸம்பரில் ராபின்ஸனையே ஜையண்ட்ஸுக்கு மாற்றினார்கள். ஆட்டத்தைவிட்டு விலகத் தீர்மானித்திருந்த அவர் அங்கே போகவில்லை.

போய்ச் சேர்ந்த இடத்தின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே. லாஸ் ஏஞ்சல்ஸில் மைதானத்துக்கான நில ஒப்பந்தத்தைப் பற்றி 1958 ஜூன் மாதத்தில் நகர ஜனங்களின் வாக்கு எடுக்கப்பட்டது; அது சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறிற்று. இந்த மட்டில் அவ்வூரார் பாக்கியசாலிகள். ஆனால் அந்த நிலம் சாவேஸ் ராவைன் என்னும் மேட்டுப் பகுதி. மெக்ஸிகோ வம்சத்து ஏழைக் குடும்பங்கள் வெகுகாலம் வாழ்ந்த இடம். அவர்களுக்குப் புதிய வீடுகள் கட்டித் தருவதாகச் சொல்லி 1950 முதல் நகரத்தார் நிலத்தை எடுக்கத் தொடங்கினர். வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சியிருந்த சில குடும்பங்களை 1959 மே மாதத்தில் போலீஸார் பலவந்தமாக வெளியேற்றினர். புரூக்ளினில் கோஷ்டியை இழந்தவர்களும், அங்கே குடிசையை இழந்தவர்களும் ஒருவரையொருவர் அறியார். இரு சாராரின் நஷ்டமும் சமமென்று நாம் சொல்லமாட்டோம். வீட்டை இழப்பது வேறு, விளையாட்டை இழப்பது வேறு. ஆயினும் இரண்டிலும் தீர்மானம் செய்தவர்கள் ஒருவர், அனுபவித்தவர்கள் மற்றொருவர்.

எபெட்ஸ் பீல்ட் 1960-லும், போலோ கிரவுண்ட்ஸ் 1964-லும் இடிக்கப்பட்டன. பேஸ்பால் பந்தைப்போல் வர்ணம் பூசப்பட்ட ஒரே இரும்பு உருண்டைதான் இரண்டையும் இடித்ததென்று சொல்வார்கள். இரண்டு இடங்களிலும் இப்போது அடுக்கு வீடுகள் நிற்கின்றன.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்டால், உண்டு என்பதற்கு அதே தேசத்தில் அத்தாட்சி இருக்கிறது. விஸ்கான்ஸின் மாகாணத்தில் கிரீன் பே என்பது ஒரு சிறிய ஊர். அங்கே 1919-ல் ஏற்பட்ட பாக்கர்ஸ் என்ற அமெரிக்கப் புட்பால் கோஷ்டி, 1923 முதல் ஜனங்கள் பங்கு வாங்கி நடத்தும் ஸ்தாபனமாக இருந்து வருகிறது. பங்குக்கு லாபம் கிடையாது. ஆதாயத்துக்கு விற்கவும் முடியாது. ஆனால் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வாக்கு உண்டு. பெரிய நகரங்களின் கோஷ்டிகள் ஊர் ஊராய்ப் பெயர்ந்து போயிருக்கின்றன. இந்தச் சிற்றூரின் கோஷ்டியோ அசையவில்லை. பிற ஊர்கள் இம்மாதிரி செய்துகொள்ள அந்தச் சங்கத்தின் விதி இன்று இடங்கொடுப்பதில்லை. பழைய வழக்கத்தை முன்னிட்டுக் கிரீன் பே ஊருக்கு மட்டும் விலக்கு. ஒரு நல்ல உதாரணம் பரவாமலிருக்க விதி செய்துவைத்திருக்கிறார்கள் என்றால், அந்த உதாரணத்தின் பலம் எத்தகையதென்று அறிந்துகொள்ளலாம்.

நியூயார்க்கில் 1962-ல் மெட்ஸ் என்ற புதிய கோஷ்டி ஏற்பட்டது. அதன் உடுப்புக்கு டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜையண்ட்ஸின் ஆரஞ்சு வர்ணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருஷம் அது ஆடியது போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில்தான். 1951 அக்டோபரில் அந்த மைதானத்தின் பெயரைக் கேட்டாலே பற்களைக் கடித்த புரூக்ளின்காரர்கள், பதினோரு வருஷம் கழித்து அங்கேயே பழைய எதிரிகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கோஷ்டிக்காகக் கூவினார்கள். கட்சி பேதம் தீராதென்று நினைத்தவர்களுக்கு, இருவருக்கும் பொதுவான நஷ்டம் ஒன்று வந்தபோது அது தீர்ந்தது. முன்னமே தீர்ந்திருந்தால் அந்த நஷ்டம் வந்தே இருக்குமா?

கட்சி அபிமானம் கூடாதென்று நாம் சொல்லவில்லை. அபிமானமில்லாத ஜனங்கள் எதையும் சாதித்ததில்லை. தன் பக்கம் பதின்மூன்று ஆட்டம் பின்தங்கியிருக்கும்போதும் அதைவிட்டுப் போகாமல் நிற்கிறவனே தேசத்துக்கும் வேண்டியவன். ஆனால் எதிர்வீட்டானோடு வழக்காடுவதற்கு முன், இரண்டு வீட்டுக்கும் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. சங்கமாயினும், கட்சியாயினும், ஸர்க்காராயினும், நாம் உழைப்பும் பொருளும் மனமும் கொடுத்து வளர்க்கும் எந்த ஸ்தாபனத்திலும், கணக்கைப் பார்க்கவும் தீர்மானத்தில் வாக்களிக்கவும் நமக்குப் பாத்தியதை உண்டா என்று கேட்கவேண்டும். இல்லையென்றால் அதைப் பெறுவதே முதல் வேலை. கோஷம் போடுவது அதற்குப் பிறகு.

கொடி எந்தப் பக்கம் பறக்கிறதென்று புரூக்ளின் ஜனங்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். கம்பம் யாருடையதென்று பார்க்கவில்லை. நமது தொண்டர்கள் இரண்டையும் பார்ப்பார்களாக.